நாகைத் துறைமுகம் காலி நிலம் அல்ல

என் தாத்தா நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்றின் கரையில் சரக்கைத் தோணியில் ஏற்றி, முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். கிடங்கிலிருந்து தோணி வரைக்கும்தான் தாத்தாவின் உலகம். அப்பாயி கிடங்கு வாசலில் சிந்திய அரிசியையும் பயறையும் விளக்குமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளுவார். புடைத்துக் கல்லும் மண்ணும் நீக்கினால் அன்றைக்கு இரவுச் சோறு. அந்தச் சிந்தலை அள்ளுவதற்கும் மேஸ்திரி தலையாட்ட வேண்டும். அதையும் கூலியில் ஒரு பகுதியாகவே கணக்கு வைத்திருந்தார்கள் என்று அப்பாயி சொல்வார்.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடியும் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊரில் பேச்சே மாறிவிட்டது. தேநீர்க்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஆற்றங்கரை நடைபாதை, ஓட்டல், வணிக வளாகம், அடுக்குமாடி என்று கனவு ஓடுகிறது. “அவ்வளவு எடம் காலியாத்தானே தம்பி கெடக்கு?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். அந்தக் ‘காலி’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

உலகம் முழுக்கப் பழைய துறைமுகங்களுக்கு இது நடந்திருக்கிறது. கன்டெய்னர் வந்தது, கப்பல் பெருத்தது, ஆழமில்லாத ஆற்றுமுகத் துறைகள் பயனற்றுப் போயின. சரக்கு வேறு இடத்துக்குப் போனது. ஊரின் நடுவில், தண்ணீருக்கு அருகில், விலைமதிப்பில்லாத நிலம் மிச்சமாக நின்றது. அதில் வீடும் அலுவலகமும் கடையும் பூங்காவும் ஒன்றாகக் கலந்த புது நகரம் கட்டுவது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளின் வாடிக்கை. லண்டன் அதைச் செய்தது. ஹாம்பர்க் 157 ஹெக்டேரில் செய்துகொண்டிருக்கிறது. கொழும்பில் பழைய துறைமுக நிலம்கூடப் போதவில்லை. கடலையே தூர்த்து 269 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கி அதற்குத் துறைமுக நகரம் என்று பெயர் வைத்தார்கள். நாகையின் கதையும் ஏறக்குறைய இதுதான். மலேயாவுக்குப் போன பயணிகள் கப்பல் போக்குவரத்து, 1985 பிப்ரவரியில் ‘எம்.வி. சிதம்பரம்’ தீப்பிடித்ததோடு முடிந்தது. 2009இல் நாகூருக்கு வடக்கே, எல்லை தாண்டிய உடனே, காரைக்கால் தனியார் துறைமுகம் வந்தது. அது 2023இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இந்தப் பக்கம் நாகைத் துறைமுகம், மாநில அரசின் கடல்சார் வாரியத்தின் கீழ், பெயருக்குத் துறைமுகமாக நிற்கிறது.

அந்த நிலத்தில் ஒரு புது நகரம் வந்தால் நான் எதிர்க்கப் போவதில்லை. இதைச் சொன்னால் என் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். காவிரிப் படுகை என்றாலே நமக்குப் பச்சை வயல், பொங்கல் பானை, நெற்களஞ்சியம். ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நானும் தெருவில் நின்றவன். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை வரவேற்றவன். ஆனால் அந்த வயலில் யாருக்கு நிலம் இருந்தது, யாருக்குச் சேறு இருந்தது என்பதை மறந்துவிட்டு ‘டெல்டாவின் பசுமை’ பேச என்னால் முடியாது. அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியது தஞ்சை மண்ணுக்கு நூறு விழுக்காடு பொருந்தும். இங்கே ஊர் என்பது சாதிவாரியாகப் பிரித்து வரைந்த வரைபடம். அக்கிரகாரம் ஒருபக்கம், குடியானவர் தெரு ஒருபக்கம், வாய்க்காலுக்கு அப்பால் சேரி. ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். வரி கட்ட வேண்டாத நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் வரும் வரிசையிலேயே பறைச்சேரியும் வரும், சுடுகாடும் வரும். ‘தீண்டாச்சேரி’ என்றே ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டாக ஒரு தெருவில் ஒரு பயன்பாடு, ஒரு தெருவில் ஒரு சாதி என்று கிடக்கும் மண்ணில் ‘கலப்பு’ என்ற சொல்லோடு ஒரு நகரம் வருகிறது என்றால், அதை முதலில் கைதட்டி வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான்.

எதைக் கலக்கப் போகிறார்கள் என்பதில்தான் சிக்கல். கடையையும் வீட்டையும் கலப்பது சுலபம்.

‘காலி’க்கு வருகிறேன். எங்கள் குடும்பம் இருந்தது துறைமுகச் சுவரை ஒட்டிய புறம்போக்கில், ஒரு வரிசைக் குடிசையில். கப்பல் வரும் நாளில் விடியுமுன் கூப்பிட்டால் ஓடிவர வேண்டும் என்பதால் அங்கே குடியேற்றினார்கள். குடியேறச் சொன்னவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை நின்ற பிறகு அப்பா ஒரு அலுவலகத்துக்கு மனைப்பட்டா கேட்டுப் போனார். என்ன ஆதாரம் என்றார்கள். தாத்தா கையில் கட்டிக்கொண்டிருந்த பித்தளை வில்லையைக் காட்டினார். எண் பொறித்தது. அதை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது டாகுமென்ட் இல்லப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சட்டப்படி அவர் சொன்னது சரி.

சட்டப்படி சரி என்பதை விளக்கியாக வேண்டும். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். அரசு ஒரு தனியார் வயலை எடுத்தால் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் வரும். அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நிலத்தின் சொந்தக்காரரை மட்டும் அது ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று சொல்வதில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளி, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லோரையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவருகிறது. பனங்குடியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கத்துக்கு எடுத்த நிலத்தில், சொந்த நிலமில்லாத உழைப்பாளிகள் மறுவாழ்வு கேட்டுக் குரல் எழுப்ப முடிந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். ஆனால் துறைமுக நிலம் ஏற்கெனவே அரசுடையது. அரசு தன் நிலத்தைத் தானே கையகப்படுத்துவதில்லை. கையகப்படுத்தல் இல்லை என்றால் சமூகத் தாக்க ஆய்வு இல்லை, கருத்துக்கேட்பு இல்லை, பாதிக்கப்பட்ட குடும்பம் என்று யாரும் இல்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் நிலம் கைமாறிவிடும். கடலோர ஒழுங்குமுறை விதிகளிலாவது மீனவர் குடியிருப்பு என்ற சொல் இருக்கிறது. மூட்டை தூக்கியவருக்கும், கிடங்கு கூட்டியவருக்கும், வண்டி இழுத்தவருக்கும் அதிலும் இடமில்லை.

நமக்கு இது புதிதல்ல. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மீனவக் குப்பங்கள் அழிந்ததை உலகமே பார்த்தது, பார்த்திருக்கவும் வேண்டும். ஆனால் நிவாரணப் பட்டியல் எழுதும்போது, கடலோரத்தில் மீன் கூடை சுமந்த, உப்பளத்தில் உழைத்த, கழிமுகத்தில் நண்டு இறால் தடவிய தலித் குடும்பங்கள் ‘பாதிக்கப்பட்டோர்’ என்ற சொல்லுக்கு வெளியே நின்றன. படகு இழந்தவருக்கு இழப்பு தெரிந்தது. படகே இல்லாதவருக்கு என்ன இழப்பு என்று கேட்டார்கள். பிணங்களை அள்ளிப் புதைக்க வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தபோது மட்டும் சாதி மிகச் சரியாக நினைவுக்கு வந்தது.

இதற்குச் சட்டத்தில் முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் இதே மண்ணில் பிறந்தது. தஞ்சைப் பண்ணைகளில் கூலி உயர்வு கேட்டால் மிராசுதார் முதலில் எடுக்கும் ஆயுதம் சவுக்கல்ல. “மனையைக் காலி பண்ணு” என்பதுதான். பண்ணையாளின் குடிசை நிற்கும் தரை பண்ணையாருடையது. வேலை போனால் கூரையும் போகும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அந்தப் பிடி தளரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்த பிறகுதான் அரசு அசைந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம். 1971இல் குடியிருப்புச் சட்டம். அடுத்தவர் மனையில் குடியிருந்துவந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது அது. பத்திரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. குடியிருந்தாயா, உழைத்தாயா என்று கேட்டது. இந்தியாவின் நிலச் சீர்திருத்தங்களைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. இந்தச் சின்னச் சட்டத்தின் பெயர் நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

அந்தச் சட்டம் வயலோரம் நின்றுவிட்டது. கடலோரம் வரவில்லை. வெண்மணியில் குடிசை போட்ட கூலிக்காரருக்குக் கிடைத்த உரிமை, அங்கிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் துறைமுகச் சுவரோரம் குடிசை போட்ட கூலிக்காரருக்கு இல்லை. முதலாமவர் முதலாளி மிராசுதார், இரண்டாமவர் முதலாளி சர்க்கார். எனக்குத் தெரிந்து வித்தியாசம் இதுதான். நான் கேட்பது, குடியிருப்புச் சட்டத்தின் நியாயத்தைத் துறைமுக நிலத்துக்கும் நீட்டுங்கள் என்பது. முதலில் ஆட்களைக் கணக்கெடுங்கள். அதன்பிறகு வரைபடம் வரையுங்கள்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையைப் பார்க்கலாம். அங்கே கிழக்குக் கரைத் துறைமுக நிலத்துக்குத் துறைமுக நிர்வாகமே திட்டமிடும் அதிகார அமைப்பாகி 2018இல் வரைவுத் திட்டம் வெளியிட்டது. உல்லாசக் கப்பல் முனையம், தோட்டம், வணிக மையம் எல்லாம் அதில் பளிச்சென்று இருந்தன. ரே ரோட்டிலும் தாருக்கானாவிலும் கப்பல் உடைத்தும் இரும்பு சுமந்தும் பிழைத்த குடிசைவாசிகளின் நிலைதான் மங்கலாக இருந்தது. மத்திய அரசின் நிலம் என்பதால் மாநிலத்தின் குடிசை மறுவாழ்வு விதிகள் அங்கே எளிதில் நுழையவில்லை. நாகையில் அந்தச் சாக்கு கிடையாது. நிலமும் மாநிலத்துடையது, சட்டமும் மாநிலத்துடையது.

லண்டனில் 1981இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, உள்ளூர் மன்றங்களிடமிருந்து திட்டமிடும் அதிகாரத்தைப் பறித்தது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கண்ணாடிக் கோபுரங்கள் அல்ல, 1983இல் ராயல் டாக்ஸ் பகுதி மக்கள் தாங்களே எழுதிய ‘மக்கள் திட்டம்’. வானூர்தி நிலையம் வேண்டாம், எங்களுக்கு வேலையும் வீடும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். தோற்றுத்தான் போனார்கள்; 1987இல் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் எது வேண்டும் என்று எழுதிவைத்த கூட்டம் அது. நாம் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

நாகை நகருக்கே இதில் ஒரு பழைய காயம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை இங்கேதான் இருந்தது. 1920களின் இறுதியில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். ஒரு தொழிலிடம் ஊரைவிட்டுப் போகும்போது நிலம் அங்கேயே இருக்கும், மனிதர்தான் சிதறுவார்கள் என்பதை இந்த ஊர் நூறு ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது.

சரி, கணக்கெடுத்து விட்டார்கள், வீடும் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கொடுப்பார்கள்? சென்னையில் ஆற்றங்கரையிலிருந்து துரத்தியவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். புகார் என்ற துறைமுக நகரத்தில் பிறந்த கண்ணகியின் பெயரை, நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். அதே துறைமுக நிலத்துக்குள், அதே ஆற்றைப் பார்க்கும் கட்டடத்தில் வீடு வேண்டும். இல்லையென்றால் கலப்பு நகரத்துக்கு வெளியே இன்னொரு சேரியை நாமே கைதட்டித் திறந்து வைத்தவர்களாவோம்.

உள்ளே வீடு கிடைத்தாலும் பிரச்சினை தீராது. தஞ்சாவூரில் வேலை கிடைத்தபோது புதிதாக உருவான ஒரு நகரில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் அன்பாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார். சொந்த ஊர் கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். “நாகப்பட்டினத்துல எந்தத் தெரு, தம்பி?” என்றார். நான் சொன்னேன். மறுநாள் அவருடைய மைத்துனர் வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்துவிட்டார். இப்படி ஏழு வீடு. அந்தத் தெருக்களில் கீழே மருந்துக்கடை, மேலே கணினி மையம், அதற்கு மேலே வீடு என்று எல்லாம் கலந்துதான் இருந்தது. ‘சைவம் மட்டும்’ என்ற பலகையும் இருந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராகத் தங்கள் சமூகத்தாரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் விதி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பின் நிழலில் எத்தனை சாதிகள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வீடு ஒதுக்கும்போது பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு உண்டு. அதே அரசு நிலத்தைத் தொண்ணூறு ஆண்டு குத்தகைக்குத் தனியார் கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்தால் அந்த 18 எங்கே போகும்? ஆகவே நிலத்தை விற்கக் கூடாது. குத்தகைக்கு விட்டாலும் பத்திரத்திலேயே எழுத வேண்டும்: வீட்டில், கடையில், சந்தைத் திண்ணையில் பங்கு, சாதி கேட்டு மறுத்தால் குத்தகை ரத்து. ஹாம்பர்க்கில் மலிவு வாடகை வீடுகளை நிபந்தனையாக வைக்க முடிந்தது, நிலம் நகரத்தின் கையில் இருந்ததால்தான். நிலம் கையைவிட்டுப் போனபின் நிபந்தனை பேசுவது விண்ணப்பம் எழுதுவதற்குச் சமம்.

பெயர் வைக்கும் சடங்கு ஒன்று பாக்கி இருக்கும். வாசலில் சோழர் புலிக்கொடி வளைவு நிற்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கடாரம் வென்ற கதை ஒலி ஒளிக் காட்சியாக ஓடும். அதே துறைமுகத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இருந்ததும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் ஒரு வரியில் வரலாம். எஞ்சியிருந்த கோபுரத்தை 1867இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு இடித்தார்கள் என்பது வருமா? அந்த இடம் தேவைப்பட்டது, கட்டடம் பாழாகக் கிடந்தது என்பதுதான் அன்றைக்கும் காரணம். 1659க்குப் பின் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது டச்சுக்காரர்கள் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றியது வருமா? கங்காணி பிடித்துவந்த ஆட்களை முகாமில் அடைத்து வைத்து, மருந்து தெளித்து, ‘ரஜூலா’ கப்பலில் பினாங்குக்கு அனுப்பியது வருமா? போனவர்களில் கணிசமானோர் சேரியிலிருந்து போனவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் மலேசியாவிலிருந்து நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் வருகிறார்கள். தாத்தா கப்பலேறிய படித்துறை எது என்று கேட்டால் காட்ட ஒரு கல்கூட இல்லை.

நகராட்சியின் வார்டுக் கூட்டத்துக்குப் போகும் இளைஞர்கள் இதைப் படிப்பீர்களானால், ஒரு வேலை சொல்கிறேன். துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் உட்காருங்கள். எந்தக் கிடங்கில் வேலை, யார் மேஸ்திரி, எந்த ஆண்டு குடியேறினார்கள், குடிசை எங்கே நின்றது என்று எழுதி வாங்குங்கள். பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருக்கும் முகவரி, சங்கச் சந்தா ரசீது, எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பித்தளை வில்லை இன்னும் இருக்கிறது. அதையும் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.